பிரபாவதியின் கொல்லை

டவுன் பஸ்ஸிலிருந்து முதலில் இறங்குவது மூட்டை, பிறகுதான் பிரபாவதி. ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டுகிறவர். தறிக்கடியில் கூட்டி அள்ளிய பஞ்சுத் தூசியைத் தினமும் திருத்தணிக்கு ஏற்றி வருகிறார். கண்டக்டர் முறைத்தால், "பஞ்சுதாங்க, பாம்பா கீது உள்ள?" என்று சாக்கைத் திறந்தே காட்டிவிடுவார். பஸ் முழுக்கத் தும்மும்.

அந்தப் பஞ்சு போவது எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம், அவர் வீட்டுக் கொல்லைக்கு. பள்ளிப்பட்டில் சுவரோடு சுவர் ஒட்டிய நெசவாளர் தெருவில் பிறந்தவருக்கு, நாற்பது வயது தாண்டி இப்போதுதான் கொஞ்சம் மண் சொந்தமாகியிருக்கிறது. மண் என்றா சொன்னேன்? வீடு கட்டிய மிச்சம்: செங்கல் துண்டு, ஜல்லி, காய்ந்த சிமெண்டுப் பொருக்கு. கடப்பாரை போட்டால் 'ணங்' என்று திரும்பி வரும்.

கணவர் சிவப்பிரகாசம் மொத்தத்துக்கும் சிமெண்டுத் தளம் போட்டுவிடலாம் என்றார். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வரும் சொந்தக்காரர்களுக்குப் பந்தி போட இடம் வேண்டுமாம். "அதுக்குள்ள ஒரு செடியாவது புடிச்சா பாக்கலாம்" என்று போனால் போகிறதென்று ஒரு சலுகை.

பிரபாவதி தக்காளி நட்டார், செத்தது. கத்திரி நட்டார், அதுவும். மண்ணின் மேல் மட்டும் பழி போட எனக்கு மனம் வரவில்லை. தினமும் காலையில் நாற்றைப் பிடுங்கி, வேர் பிடித்ததா என்று பார்த்துவிட்டு மறுபடி நடுகிறவரிடம் எந்தச் செடிதான் பிழைக்கும்? கேட்டால், "இழை அறுந்துச்சான்னு பாக்காம தறி ஓட்டுவாங்களாங்க?" என்றார். நான் சிரித்தேன், அவர் சிரிக்கவில்லை.

பிறகு உட்கார்ந்து கல் பொறுக்கினார். மக்கிய சாணியைக் கொட்டிக் கொத்தினார். பீர்க்கு நட்டு, வெயில் ஈரத்தைக் குடித்துவிடாதபடி நனைத்த பஞ்சைச் சுற்றிலும் மெத்தைபோலப் போட்டார். துறுதுறுத்த கையை முந்தானையில் சுற்றிக்கொண்டு நின்றதை நானே பார்த்தேன். "புடுங்க மாட்டேன். ஆனா சாவவும் வுட மாட்டேன்" என்று செடியிடமே சண்டை. எனக்கு அந்தப் பிடிவாதம் மிகவும் பிடித்துப்போனது.

நேற்று கொத்தனார் வந்தார். வேறு யாருமில்லை, பிரபாவதியின் அக்கா வீட்டுக்காரர் கங்காதரன்தான். தளத்துக்கு அளவு பார்த்து, முளையடித்துக் கொல்லையின் குறுக்கே நூல் கட்டினார். பீர்க்கு நின்ற இடமும் நூலுக்கு உள்ளே மாட்டிக்கொண்டது.

"இன்னா பாவா, செடி கீறது கண்ணுக்குத் தெரியலியா?"

"ரெண்டு எலை வுட்டா செடியா? ஒன் வூட்டுக்காரரு போடச் சொல்லிட்டாரும்மா."

"புடிச்சா பாக்கலாம்னு சொன்னதும் அவருதான். புடிச்சிகிச்சி. பாருங்க, சுருள் வுட்டுகினு நிக்குது."

"நாளைக்கு ஜல்லி வந்துடும். பந்தி எங்க போடுவ?"

"தெருவுல சாமியானா கட்டிப் போடுங்க. இங்க ஒரு சட்டி சிமெண்ட் வுழாது."

சொல்லிவிட்டுக் குனிந்தார். கொத்தனார் கட்டிய நூலை முளைகளிலிருந்து அவிழ்த்தார். ஒரு முனையைச் செடியருகே இருந்த குச்சியிலும் மறுமுனையைச் சன்னல் கம்பியிலும், தறியில் அறுந்த இழையை முடிகிற வேகத்தில் முடிந்தார். பிறகு காற்றில் துழாவிக்கொண்டிருந்த பீர்க்கின் சுருளை இரண்டு விரலால் எடுத்து, அந்த நூலின்மேல் வைத்தார்.