ஒரே ஒரு வேர் கேட்டேன்

நான் கேட்ட உதவியை ஆண்டவர் ஏன் நான் பொறாமைப்பட்ட பெண்ணின் கையிலேயே கொடுத்தனுப்பினார்? ஓராண்டாக யோசிக்கிறேன். பதில் தெரியவில்லை. தெரியாமலேயே இந்தச் சாட்சியை உங்கள்முன் வைக்கிறேன். தவறாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு தவக்காலம். கைக்குழந்தையை ராயப்பேட்டை வீட்டில் மாமியாரிடம் விட்டுவிட்டு, அடையாறில் எம்.எஸ்ஸி. விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன். பிரசவத்தால் செல் உயிரியல் தேர்வில் ஒருமுறை தவறியிருந்தேன். "இந்த வாட்டியும் போச்சுன்னா விட்டுடு ஸ்டெல்லா, குழந்தைய பாரு" என்றார் கணவர். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் பயந்தேன்.

வகுப்பில் என் பக்கத்து இருக்கை மாலினிக்கு. மயிலாப்பூர்ப் பெண். திருமணமாகாதவள். இஸ்திரி போட்ட சுடிதாரில் வருவாள். அவள் வரைந்த செல் படத்தைப் பேராசிரியை வகுப்பு முழுவதற்கும் தூக்கிக் காட்டுவார். என் படத்தில் குழந்தையின் பால் கறை இருக்கும். இரவெல்லாம் நன்றாகத் தூங்கி எழுந்த அவள் முகத்தைப் பார்த்தாலே எனக்கு வயிறு எரியும். அவள் நல்லவளாகவும் இருந்ததால் இன்னும் எரிந்தது.

செய்முறைத் தேர்வுக்கு வெங்காய வேர் வேண்டும். தண்ணீர் நிரப்பிய பாட்டிலின் வாயில் வெங்காயத்தை உட்காரவைத்தால் சில நாட்களில் வெள்ளை வேர் விடும். அதன் நுனியை வெட்டி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் நசுக்கி, செல் பிரிவதை மைக்ராஸ்கோப்பில் காட்ட வேண்டும். வேரை அவரவர்தான் கொண்டுவர வேண்டும் என்பது எங்கள் கல்லூரி வழக்கம். நான் சமையலறை ஜன்னலில் இரண்டு பாட்டில் வைத்திருந்தேன்.

தேர்வு நாள் காலை, குழந்தையைக் குளிப்பாட்டிவிட்டு வந்தேன். பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார் மாமியார்.

"அத்தே, வெங்காயம்?"

"அதுவா? வேர் வுட்டுக்கினு கெடந்துச்சு. வீணாப் போவுதேன்னு சாம்பார்ல போட்டேன். இன்னாம்மா, மூஞ்சி ஏன் இப்டிப் போவுது?"

அவர்மேல் தவறில்லை. சொல்லிவைக்காதது நான்தான். அந்தச் சாம்பாரை இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன். கூட்டத்தில் நின்றபடியே அழுதேன். செபமாலை சொல்ல வாய் வரவில்லை. "மாதாவே, ஒரே ஒரு வேர்" என்பது மட்டும் வந்தது. அதையே அடையாறு வரைக்கும் சொன்னேன்.

ஆய்வுக்கூட வாசலில் மாலினி ஒயர் கூடையோடு நின்றாள். உள்ளே மூன்று பாட்டில். மூன்றிலும் தாடிபோல் வேர்.

என் வெறுங்கையைப் பார்த்தாள். "என்னாச்சுக்கா?"

சொன்னேன். சிரித்துவிட்டாள். "சாம்பாரா! எங்காத்துல அந்த பயமே இல்லை. வெங்காயத்தை அம்மா சமையலறைக்குள்ளயே விடமாட்டா. மொட்டைமாடில வெச்சேன், யாரும் தொடலை. இந்தாங்கோ, நீளமா இருக்கறதை எடுத்துக்கோங்கோ."

வாங்கிக்கொண்டேன். நன்றி சொன்னேனா என்று நினைவில்லை. வேர்நுனியைச் சாயமேற்றி, கட்டைவிரலால் தகட்டை அழுத்தினேன். குனிந்து பார்த்தேன். ஒரு செல்லின் நடுவில் குரோமோசோம்கள் வரிசை கட்டி நின்றன. ஒன்றே ஒன்றுதான், ஆனால் தெளிவாக. தேர்வாளர் பார்த்துவிட்டு, "சரிம்மா" என்றார். அடுத்த மேசையில் மாலினியின் தகட்டைப் பார்த்து, "பிரமாதம்!" என்றார். என் செபம் கேட்கப்பட்ட அதே நிமிடத்தில் என் வயிறு மறுபடி எரிந்தது.

தேர்ச்சி பெற்றேன். ஆண்டவருக்கு நன்றி, மாதாவுக்கு நன்றி. இன்று ஒரு பள்ளியில் அறிவியல் ஆசிரியையாக இருக்கிறேன். இப்போதெல்லாம் நேரம் ஒதுக்கிச் செபிக்க முடியவில்லையே என்று கலங்குவதில்லை. நிற்கிற இடத்திலிருந்தே கேட்கிறேன். நீங்களும் கேளுங்கள். அரைகுறை வார்த்தையும் அவருக்குப் போதும்.

போன வாரம் மாலினி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வடக்கே ஆராய்ச்சிப் படிப்புக்கு நேர்காணலாம். நான் போக ஆசைப்பட்டு, குழந்தையால் விண்ணப்பிக்காமல் விட்ட இடம். "உங்க மாதாகிட்ட எனக்காகவும் வேண்டிக்கோங்கோக்கா" என்றாள்.

பெசன்ட் நகர் மாதா கோயிலில் மெழுகுதிரி ஏற்றினேன். அவள் பெயரைச் சொன்னேன். "அவளுக்கு அந்த இடம் கிடைக்கட்டும்" என்பது மட்டும் தொண்டையைத் தாண்டவில்லை. பொறாமை தீரும்வரை காத்திருந்து அவளுக்காக வேண்டட்டுமா? பொறாமையோடேயே வேண்டினால் அது செபமாகுமா? இப்படி ஒரு நிலையைக் கடந்துவந்த சகோதரிகள் யாராவது இருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். அவளுடைய நேர்காணல் ஜூனில்.