நாற்பது பேரும் தட்டிய ஒரே காரைச்செடி

களப்பயணத்துக்குப் பிள்ளைகளை அழைத்துப்போகும் விலங்கியல் ஆசிரியருக்குப் பஸ் ஏறியதும் தலை எண்ணும் வியாதி வந்துவிடும். எனக்கு எட்டுக் கால்களையும் எண்ணும் வியாதி. திண்டிவனத்தில் ஒரு கல்லூரியில் வேலை பார்த்தபோது, சுற்றுவட்டாரச் சிலந்திகளுக்கு ஒரு பட்டியல் போட ஆசைப்பட்டேன். தனியாளாக முடியாது. களப்பயணம் வருகிற நாற்பது பேரின் கண்ணையும் கையையும் நம்பி இறங்கினேன். இப்படி இறங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு மீதியைச் சொல்லவே வேண்டாம்.

தலைகீழ்க் குடை

பெருமுக்கல் மலையடிவாரம். செடிக்குக் கீழே குடையைத் தலைகீழாகப் பிடித்து, கிளையைக் குச்சியால் தட்டினால் சிலந்திகள் குடைக்குள் விழும். அவற்றை ஸ்பிரிட் குப்பியில் போட்டு, எந்த ஊர், எந்தச் செடி, பிடித்தவர் யார் என்று பென்சிலில் எழுதிய சீட்டையும் உள்ளே போட வேண்டும். சீட்டு சரியில்லாத சிலந்தி பட்டியலில் சேராது. இதை நான் தொண்டை வற்ற விளக்கிக்கொண்டிருந்தபோது, பக்கத்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுத்த ஒரு அம்மா நிமிர்ந்து பார்த்தார். "வாத்தியாரே குடைய தலகீழா புடிச்சிக்கினு வெயில்ல நின்னா, புள்ளைங்க என்னா சார் பண்ணும்?"

கல்மரக் காவலர்

அன்று சாயங்காலமே திருவக்கரை. கல்லாகிப்போன மரங்கள் கிடக்கும் பூங்காவில், வருகிறவர்கள் துண்டு துண்டாகக் கல்லை எடுத்துப் போய்விடுவார்கள் என்று காவலருக்குப் பயம். வேலிக்கு வெளியே புதர் தட்டிவிட்டு வந்த எங்களை நிறுத்தி, ஒவ்வொரு குப்பியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "பூச்சி எவ்ளோ வேணா எட்துக்கினு போங்க சார். கல்லுதான் எண்ணி வெச்சிருக்கு."

திரும்பி வந்த பெட்டி

குப்பிகளைச் சென்னையிலிருந்த சிலந்தி நிபுணருக்கு அனுப்பினேன். பெட்டி அப்படியே திரும்பி வந்தது. எல்லாச் சீட்டிலும் ஒரே வாசகம்: பெருமுக்கல், காரைச்செடி, பிடித்தவர் பிரகாஷ். வகுப்பிலேயே கையெழுத்து அழகான பிரகாஷின் சீட்டைப் பார்த்து, அவன் பெயர் உட்பட, எல்லோரும் எழுதியிருக்கிறார்கள். திருவக்கரைச் சிலந்திகளும் பெருமுக்கல்லுக்குக் குடிபோய்விட்டன. எது எங்கே பிடித்தது என்று ஒருவருக்கும் நினைவில்லை. அந்த வருஷப் பயணமே வீண். எனக்கு அழுகையே வந்தது. அதை மறைக்கக் கத்தினேன். பிரகாஷ்தான் எழுந்தான். "ரெக்கார்டு நோட்டு எல்லார்தும் ஒரே மாதிரி இருந்தாதானே சார் ஃபுல் மார்க் போடுவீங்க?"

துப்பட்டாச் சிலந்தி

அடுத்த வருஷம் இரும்பை என்ற ஊர்ப் பக்கம் போனோம். பார்த்து எழுதினால் பூஜ்யம் என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன். மறுநாள் ஆரோக்கியமேரி என்ற மாணவி ஒரு குப்பியோடு என் அறை வாசலில் தயங்கி நின்றாள். சீட்டில் இருந்தது: 'திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது என் துப்பட்டா மேல் இருந்தது. எங்கே ஏறியது என்று தெரியாது. பிடித்தவர் ஆரோக்கியமேரி.'

பட்டியலுக்கு அந்தச் சிலந்தி உதவாது. ஆனாலும் சீட்டை இரண்டு தடவை படித்தேன், சந்தோஷமாக இருந்தது. பத்துக்குப் பத்து போட்டேன். அவள் நம்பாமல் பார்த்தாள். "தெரியாதுன்னு எழுதினா கூடவா சார் மார்க் குடுப்பீங்க?"

பட்டியல் பல வருஷம் கழித்து அச்சானது. அதில் பிரகாஷ் பிடித்த சிலந்தி ஒன்றுகூட இல்லை, ஆனால் ஃபுல் மார்க் போட்டு நாற்பது பேரையும் பார்த்தெழுதப் பழக்கிய வாத்தியாரின் பெயர் முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில் இருக்கிறது.