‘வரேன்’ என்றால் அழும் தம்பி

1996 ஜூன் 8, சனிக்கிழமை. கோலா பிலாவை ஒட்டிய ரப்பர் தோட்டத்தில் எங்கள் வீடு. அப்பா விடியுமுன்னே பால்மரம் வெட்டப் போய்விட்டார். மற்றவர்கள் ரொட்டியும் தேநீருமாகப் பசியாறிவிட்டு, அம்மா, சின்னம்மா, தம்பி, நான் என நால்வரும் சிரம்பானுக்குப் பேருந்து ஏறினோம்.

தம்பி சின்னம்மாவின் மகன். அவனை எங்களிடம் விட்டுவிட்டுச் சின்னம்மா ஜொகூரில் தொழிற்சாலை வேலைக்குப் போயிருந்தார். தீபாவளிக்குத் தீபாவளி வந்து போவார். இந்த முறை அவனைக் கையோடு கூட்டிப்போக வந்திருந்தார். நான்கு வயதாகிவிட்ட தம்பியோ என் அம்மாவைத்தான் ‘அம்மா’ என்றான். பெற்றவரைக் கிட்டே அண்டவிடவில்லை. அதைவிட விசித்திரம், யார் ‘வரேன்’ என்று சொல்லிக் கிளம்பினாலும் அலறிக்கொண்டு அவர் காலைக் கட்டிக்கொள்வான். கோயிலில் கயிறு கட்டிப் பார்த்தாகிவிட்டது. தூங்கும்போது தூக்கிக் காரில் போட்டுவிடலாம் என்றார் மாமா.

நாங்கள் பார்க்கப் போனது பிள்ளைகளின் மனத்தைப் பார்க்கும் டாக்டராம். ஊசியை எங்கே வைத்திருக்கிறார் என்று மேசை, அலமாரியெல்லாம் கண்ணால் துழாவினேன். அந்த டாக்டர் அம்மாளோ தரையில் உட்கார்ந்து தம்பியோடு பொம்மை லாரி உருட்டிக்கொண்டிருந்தார். உருட்டியபடியே சின்னம்மாவிடம் கேட்டார்.

“ஒவ்வொரு தடவையும் போறப்ப இவன்கிட்ட என்ன சொல்லுவீங்க?”

“வரேன்னுதான். போறேன்னா சொல்லுவாங்க?”

“சரிதான். ஆனா இவனுக்கு, வரேன்னா வரமாட்டாங்கன்னு அர்த்தம்.”

நான் அந்தச் சொல்லை மனத்துக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன்.

“வாசலுக்குப் போனாலும் சொல்லிட்டுப் போங்க. சொன்ன மாதிரி திரும்பி வாங்க. அழுதான்னா கோவிக்காம பக்கத்துல உக்காருங்க. தனியா கூட்டிட்டுப் போயிடாதீங்க. உங்க அக்காவும் அங்க வந்து கொஞ்ச நாள் இருக்கட்டும். இவன ஒருத்தர்கிட்டேருந்து புடுங்கி இன்னொருத்தர்கிட்ட குடுக்க முடியாது.”

அவ்வளவுதான் வைத்தியம். “மருந்தே எழுதலையா? என்னா டாக்டர்லா!” என்றார் அப்பா, நாங்கள் வீடு திரும்பியதும்.

அன்று மாலை முழுக்கச் சின்னம்மா ‘வரேன்’ சொல்லிக் குழாயடிக்குப் போனார், வந்தார். கொடித்துணி எடுக்கப் போனார், வந்தார். பக்கத்து வீட்டு அத்தைக்குச் சிரிப்புத் தாளவில்லை. “ஏன்டி, கக்கூசுக்குப் போறதுக்கும் மாலை போட்டு அனுப்பணுமா?”

தம்பி முதலில் அலறினான். பிறகு விசும்பினான். இருட்டும் நேரத்தில் வாசற்படியில் நின்று அவர் திரும்பும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலை எழுந்ததும் தம்பி செய்த முதல் காரியம், சின்னம்மா முன்னால் போய் நின்று “வரேன்” என்றதுதான். பின்கட்டுவரை ஓடினான். திரும்பி வந்து எட்டிப் பார்த்தான். சின்னம்மா உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல் இருந்தார். மறுபடி “வரேன்” என்று சிரித்துக்கொண்டே ஓடினான்.

“எனக்குச் சொல்லலையாடா?” என்று அம்மா அடுப்படியிலிருந்து கேட்டார். அவன் காதில் அது விழவில்லை. மருந்தில்லா வைத்தியம் பலித்துவிட்டதே, இந்த நேரத்தில் அம்மா ஏன் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்கிறார் என்றுதான் நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.