குட்டையின் கரையைத் தேடியவள்

ஆர்டிஸ் டோலெஃப்சன் முப்பத்து நான்கு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஓய்வு பெற்றதும் சும்மா கிடந்தாளா? எங்கள் வட்டாரத்துச் சதுப்புக் குட்டைகளின் சரித்திரத்தைத் தேடுகிறேன் என்று கிளம்பிவிட்டாள். ருபார்ப் என்ற புளிப்புத் தண்டு போட்டுச் சுட்ட கேக்கோடு வாசலில் வந்து நிற்பாள். கேக்கை வாங்கியவன் பரணிலிருந்து தாத்தாவின் நாட்குறிப்பை இறக்கிக் கொடுத்தே ஆகவேண்டும். நானும் கொடுத்துத் தொலைத்தேன்.

அப்போது நான் ஒரு குட்டையை வடிக்க மனுப் போட்டிருந்தேன். பாதி என் கோதுமை வயலில், பாதி அவள் நிலத்தில். ஒவ்வொரு விதைப்புக்கும் அதைச் சுற்றி வளைத்து டிராக்டர் ஓட்டியே என் இடுப்பு போயிற்று. அங்கே அந்தக் காலத்தில் தண்ணீர் நின்றதில்லை, பிற்பாடு தேங்கியதுதான் என்று காட்டிவிட்டால் வாய்க்கால் வெட்டிக்கொள்ளலாம். ஆனால் குட்டை வற்றினால் ஆர்டிஸின் கிணறும் வற்றிவிடும். அதை நினைத்து நான் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவில்லை.

ஊராட்சிக் கூட்டத்தில் வானிலிருந்து எடுத்த பழைய படம் ஒன்றை மேசைமேல் போட்டேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருடத்துப் படம்.

"பாருங்க, பொட்டல். ஒரு சொட்டுத் தண்ணி இல்ல."

ஆர்டிஸ் எழுந்தாள். "முப்பத்தேழு மழையில்லாத வருஷம். அந்தப் பஞ்சத்துல உங்க கிணத்துலயும்தான் தண்ணி இல்ல மெர்வின். அதுக்காக அது கிணறு இல்லேன்னு ஆயிடுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"பஸ் ஓட்டினவளுக்கு நிலத்தைப் பத்தி என்ன தெரியும்?"

"உன் மூணு பிள்ளைங்களையும் பனியில ஏத்தி இறக்கினவ நான். எந்த வயல் எப்ப முங்கும்னு உன்னைவிட நல்லாத் தெரியும்."

படத்தில் விரலை வைத்தாள். பொட்டலைச் சுற்றி வட்டமாக வெள்ளைப் புள்ளிகள்.

"இது என்ன, தலைவரே?"

தலைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். "கல்லு."

உழும்போது கிளம்பும் கல்லைச் சறுக்குப் பலகையில் இழுத்துப்போய், ஏர் போகாத இடத்தின் ஓரத்தில் கொட்டுவது எங்கள் வழக்கம். விளையும் மண்ணில் ஒருவனும் கொட்டமாட்டான். இத்தனை வருடம் அந்தப் படத்தை வைத்திருந்தும் எனக்கு இது உறைக்கவில்லை.

"யார் போட்ட கல்லு, மெர்வின்?" என்றார் தலைவர்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கல்லை இழுத்தே முதுகு கூனிப்போன மனிதரை இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை.

"எங்க தாத்தா."

"நடுவுல ஏன் போடல?"

"தண்ணி இருந்துச்சு."

மனுவைத் தள்ளிவிட்டார்கள். வெளியே, வண்டிக்கருகில், "இப்ப திருப்தியா?" என்று ஆர்டிஸிடம் சீறினேன்.

"எப்படி இருக்கும்? அதே படத்துல உன் வடக்கு வயல்லயும் ஒரு கல் வட்டம் இருக்கு. அந்தக் குட்டை எங்க?"

அப்பா காட்டிய கோட்டில் வாய்க்கால் தோண்டி அதை வடித்தவன் நான்தான். அவமானமாக இருந்தது. சொன்னேன்.

ஆர்டிஸ் குட்டைகளின் சரித்திரம் எழுதும் நோட்டை எடுத்து வண்டியின் முன்மூடிமேல் வைத்து விரித்தாள்.

"எந்த வருஷம்?" என்று கேட்டாள்.