ஈரத் தலையில் எண்ணெய்

தலைமயிர் விஷயத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்று ஒரு காலத்தில் நினைத்திருந்தேன். இடுப்புக்குக் கீழே பின்னல் தொங்க வளர்ந்தவள் நான். வெள்ளிக்கிழமை எண்ணெய் வைத்து முழுகாமல் ஒரு கிழமைகூட விட்டதில்லை. அந்தத் திமிர் கடைசியில் ஒரு ஆறு வயதுப் பிள்ளையின் தலையில்தான் போய் விடிந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. கலியாணம் முடித்து வந்து, ஸ்காபரோவில் ஒரு தொடர்மாடியின் ஒன்பதாம் மாடியில் இருந்தோம். கணவர் விடிய வெள்ளாப்பில் வேலைக்குப் போனால் பின்னேரம்தான் வருவார். எனக்கு வேலை கிடைக்கவில்லை. பேச்சுத்துணைக்கும் ஆள் இல்லை. எதிர்க்கதவுக்காரி ஒரு ஜமேய்க்கப் பெண், என் வயதுதான் இருக்கும், மகளோடு தனியே இருந்தாள். ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. காலை ஆறு மணிக்கு அங்கே நிற்க வேண்டும். பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த பெண் வீடு மாறிப் போய்விட, லிஃப்ற்றுக்குள் என்னைக் கண்ட இடத்தில் கேட்டுவிட்டாள். காலையில் வைத்திருந்து பள்ளிக்கூடத்தில் விட்டு, பின்னேரம் கூட்டிவந்தால் போதும் என்றாள். நான் யோசிக்காமல் ஓம் என்றேன். நாங்கள் பேசிக்கொண்டதெல்லாம் ஆங்கிலம், அதிலும் என்னுடையது பாதி கை, பாதி வாய். ஆனால் அவள் சொன்னவை எனக்கு எங்கள் பேச்சாகத்தான் காதில் நிற்கின்றன. அப்படியே எழுதுகிறேன்.

டிசம்பர் முதல் கிழமை, தலையில் வழுவழுப்பான துணி கட்டி, நித்திரைக் கண்ணோடு பிள்ளை வந்து சேர்ந்தாள். தாயின் கையில் ஒரு பை. உள்ளே தண்ணீர் விசிறுகிற போத்தல், ஒரு டப்பா கிரீம், எண்ணெய், பல் அகன்ற சீப்பு.

"ஞாயிற்றுக்கிழமை தலை முழுக வாத்துப் பின்னுறதை நான் பாப்பன்," என்றாள். "கிழமை நாளில காலமை நீர் இதைச் செய்யோணும். முதல் தண்ணி. நல்லா ஈரமாகோணும். அதுக்கு மேல கிரீம். கடைசியாத்தான் எண்ணெய். தண்ணிதான் இவளின்ர தலைக்குச் சாப்பாடு. எண்ணெய், சட்டிக்கு மூடி மாதிரி. குழம்பிப்போகாதையும். புதன்கிழமை குலைஞ்ச பின்னலை மட்டும் அவிட்டுத் திரும்பப் பின்னினால் காணும். காய்ஞ்சபடி மட்டும் இழுக்காதையும்."

நான் தலையாட்டினேன். மனதுக்குள் எனக்குச் சிரிப்பு. ஈரத்தலையில் எண்ணெயோ? எங்கள் வீட்டில் யாராவது அப்படிச் செய்தால் அன்றைக்கு முழுக்க ஏச்சு விழும். தலைக்குள் நீர் கோர்க்கும், தடிமன் பிடிக்கும், பீனிசம் வரும். எங்களுக்கு எண்ணெய் முதல், தண்ணீர் பிறகு. அதுவும் வெளியே மூக்கு நுனி கழன்று விழுகிற குளிர். இந்தக் குளிருக்குள் பச்சைப் பிள்ளையின் தலையை நனைத்துப் பள்ளிக்கூடம் அனுப்பச் சொல்கிறாளே, இவளும் ஒரு தாயா?

முதல் நாள் சொன்னபடியே செய்தேன். அடுத்த நாள் பிள்ளை இரண்டு தரம் தும்மினாள். அது போதும் எனக்கு. அன்றிலிருந்து தண்ணீரும் இல்லை, கிரீமும் இல்லை. எங்கள் தேங்காய் எண்ணெயை இளஞ்சூடாக்கி, காய்ந்த தலையில் உள்ளங்கையால் வழித்து வைத்து, குலைந்த பின்னல்களைச் சீப்பால் இழுத்து நேர்த்தியாகக் கட்டிவிட்டேன். தாய் சந்தேகப்படக்கூடாதே என்று தினமும் போத்தலில் கொஞ்சம் தண்ணீரை சிங்குக்குள் ஊற்றினேன், கிரீமில் ஒரு விரல் அள்ளிக் கழுவினேன். கள்ளம் செய்கிறேன் என்ற நினைப்பே வரவில்லை. தாய்க்குத் தெரியாத நல்லது எனக்குத் தெரிகிறது என்று நினைத்தேன். அப்படியொரு புண்ணியவதி நான்.

பிள்ளை என் இரண்டு முழங்கால்களுக்கும் நடுவில் தரையில் இருந்து, பாலில் ஊறின சீரியலைச் சாப்பிட்டுக்கொண்டே தலையைத் தருவாள். என்னை அன்ரி என்பாள். சீப்பு இழுக்கிற இடத்தில் வலித்தால், போதும் என்பதற்கு என்னிடமே பொறுக்கிய தமிழில் "காணும், அன்ரி, காணும்" என்பாள். எனக்கு அது வலிக்குச் சொல்கிற சொல்லாகத் தெரியவில்லை. செல்லமாகத் தெரிந்தது. அந்த மூன்று மாதத்தில் அந்த நாட்டில் நான் சந்தோஷமாக இருந்த நேரம் என்றால் அந்தக் காலை நேரம்தான்.

ஜனவரி முடிய சீப்பில் துண்டு துண்டாக மயிர் வந்தது. நெற்றியோரத்திலும் பிடரியிலும் பின்னல் மெலிந்துபோனது. நான் என்ன செய்திருப்பேன் என்று நினைக்கிறீர்கள்? இன்னும் கொஞ்சம் எண்ணெய் வைத்தேன். மேலே மினுங்கும், விரலை உள்ளே விட்டால் காய்ந்து முறியும். ஹீற்றரைத் திட்டினேன், ரொறன்ரோத் தண்ணீரைத் திட்டினேன். என்னை மட்டும் திட்டவில்லை.

மார்ச்சில் ஒரு புதன்கிழமை, வேலை முடிந்து பிள்ளையை எடுக்க வந்தவள், வாசலில் நின்றபடியே மகளின் தலையில் கை வைத்தாள்.

"இவளின்ர தலை கெட்டுப்போச்சு. தகப்பன்ர பக்கத்துத் தலைபோல. என்ன வைச்சாலும் குடிக்குதில்லை. சனிக்கிழமை சலூனுக்குக் கொண்டுபோய் மருந்து போட்டு இந்தச் சுருளை நேராக்கப் போறன்."

பிறகு தன் காதுமடலை மடக்கிப் பின்னால் ஒரு தழும்பைக் காட்டினாள். ஏழு வயதில் அவளுக்கு அந்த மருந்தைப் போட்டபோது வெந்த இடமாம். "மகளுக்கு ஒரு நாளும் போடமாட்டன் எண்டு சத்தியம் பண்ணி வைச்சிருந்தனான்," என்றாள். கோபமே இல்லாமல், பஸ் தவறிப்போனதைச் சொல்வதுபோலச் சொன்னாள். பிள்ளை தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அடுத்த நாள் காலை, அந்தப் போத்தலை எடுத்து முதல் நாள் சொன்னபடி பிள்ளையின் தலையில் தண்ணீர் விசிறினேன். தண்ணீர் உள்ளே போகவில்லை. திங்கட்கிழமை தொடங்கி நான் வைத்த எண்ணெயின் மேல் முத்து முத்தாக நின்றது, பிறகு வழிந்து அவளின் கன்னத்தில் விழுந்தது. என்ன வைத்தாலும் குடிக்காத தலை. குடிக்க விடாமல் மூடி வைத்தவள் நான்தான்.

கணவரிடம் சொன்னேன். "சொல்லி என்ன காணப்போறீர்? அவை தங்கட பிள்ளைக்குத் தங்கட விருப்பத்துக்குச் செய்யினம். நீர் பேசாமல் இரும்," என்றார். அவர் மேல் எரிந்து விழுந்தேன். நான் உள்ளுக்குள் நினைத்துக்கொண்டிருந்ததையே அவர் வாய் திறந்து சொல்லிவிட்ட கோபம். சொன்னால் பிள்ளையை என்னிடம் விடமாட்டாள். சொல்லாவிட்டால் சனிக்கிழமை அந்த மருந்து. வியாழன் முழுக்க எனக்குள்ளேயே வழக்காடிக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை பின்னேரம் அவள் வந்ததும் குசினிக்குள் கூப்பிட்டுச் சொன்னேன். தேங்காய் எண்ணெய், சிங்குக்குள் ஊற்றின தண்ணீர், எல்லாவற்றையும். ஆங்கிலம் தட்டினாலும் விஷயம் விளங்குகிற அளவுக்கு வந்தது.

"ஒரு நாளும் தண்ணி வைக்கேல்லையோ?"

"முதல் நாள் மட்டும். தடிமன் பிடிக்கும் எண்டு பயந்திட்டன்."

அவள் சப்பாத்துக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தாள். நான் ஏச்சுக்குக் காத்துக்கொண்டு நின்றேன். ஏசியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும்.

"மூண்டு மாசமா ஒவ்வொரு ஞாயிறும் அவளுக்குச் சொல்லுறன், உன்ர தலை கூடாத தலை, கூடாத தலை எண்டு," என்றாள். "அவள் அழுதுகொண்டு இருப்பாள். இனி இவளை இஞ்ச விடமாட்டன். ஆனா இதை எனக்குச் சொல்லாதையும். அவளுக்குப் போய்ச் சொல்லும்."

பிள்ளை ஹோலில் தரையில் படுத்துக்கிடந்து படம் கீறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் இருந்தேன். உன்ர தலை நல்ல தலை, பிழை விட்டது அன்ரி, தண்ணீர் வைக்கச் சொல்லி அம்மா சொன்னதை நான் செய்யவில்லை என்று தெரிந்த சொற்களைப் பொறுக்கிச் சொன்னேன்.

அவள் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "தெரியும்," என்றாள். "நீங்கள் தண்ணியை சிங்குக்குள்ள ஊத்துறனீங்கள்."

பின்னால் வந்து நின்ற தாய்தான் கேட்டாள். "தெரிஞ்சால் ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா என்னை இஞ்ச விடமாட்டீங்கள்தானே," என்றாள் பிள்ளை.

எனக்குப் பூமிக்குள் போய்விடலாம்போல இருந்தது. ஞாயிறு முழுக்கத் தன் தலை கூடாத தலை என்று கேட்டு அழுதுவிட்டு, திங்கட்கிழமை காலை வந்து அதே தலையை என்னிடம் பேசாமல் தந்திருக்கிறாள். அப்படிப்பட்ட அன்புக்கு நான் ஒன்றும் செய்திருக்கவில்லை. சீரியலில் பால் ஊற்றியதைத் தவிர.

தாய் மகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு பையை எடுத்தாள், பிள்ளைக்கு ஜாக்கெற் மாட்டினாள். கதவடியில் நின்று, "திங்கட்கிழமை இவளைக் கொண்டு வாறன்," என்றாள். "தலையை வீட்டிலயே நான் பாத்து அனுப்புவன். நீர் கை வைக்கப்படாது."

சனிக்கிழமை அவர்கள் சலூனுக்குப் போகவில்லை. முறிந்த நுனிகளை மட்டும் தாய் வெட்டிவிட்டிருந்தாள். அடுத்த குளிருக்குள் நெற்றியோரம் மூடிவிட்டது. அதன் பிறகு இரண்டு வருடம் அந்தப் பிள்ளை என் வீட்டுக்கு வந்தாள். ஈரத்தலையால் அவளுக்குத் தடிமன் பிடிக்கவும் இல்லை, நீர் கோர்க்கவும் இல்லை. தாய் என்னோடு சிரித்துக் கதைப்பாள், நத்தார்ப் பண்டிகைக்குக் கேக் கொண்டுவந்து தருவாள். கை வைக்கப்படாது என்றதை மட்டும் ஒரு நாளும் திரும்ப எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. விடியற்காலையில் வந்து என் மடியில் சாய்ந்து பிள்ளை திரும்பவும் நித்திரையாகிவிட்டால், என் இரண்டு கைகளையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் அப்படியே இருப்பேன்.