திரைக்காக வாங்கிய இருட்டு

என் கணவருக்குக் காது கேட்காது. பிறவியிலேயே அப்படியில்லை. விருத்தாசலத்தில் கப்பும் கக்கூசுப் பீங்கானும் செய்கிற செராமிக் கம்பெனி ஒன்றில், கல்லையும் களிமண்ணையும் போட்டு அரைக்கிற பெரிய உருளைக்குப் பக்கத்திலேயே அவருடைய வேலைக்காலம் முழுக்கப் போயிற்று. அந்த உருளை கொஞ்சம் கொஞ்சமாக அவர் காதையும் சேர்த்து அரைத்துவிட்டது. காதுக்கு மிஷின் வாங்கிக் கொடுத்தேன். "பேச்சு பெருசாவல, எரைச்சல்தான் பெருசாவுது" என்று கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார். எதிரே நின்று பேசினால் உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார். நான் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்று பிள்ளைகளைத் திட்டுவது எனக்குப் பழக்கமாக இருந்தது. அவருக்குக் காது போன பிறகு அந்தப் பழமொழியை விட்டுவிட்டேன்.

எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான பைத்தியம் ஒன்றுதான், சினிமா. காது நன்றாக இருந்த நாளில் ஒரு படம் விடமாட்டார். தியேட்டருக்குப் போவது நின்ற பிறகு, ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் டிவிக்கு முன்னால் உட்கார்ந்துவிடுவோம். நான் சோபாவில் இருப்பேன். அவர் மட்டும் நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் டிவிக்குப் பக்கவாட்டில், என் பக்கம் திரும்பியபடி போட்டுக்கொள்வார். "நேரா ஒக்காந்து பாருங்க, கழுத்து புடிச்சிக்கும்" என்று தினமும் கத்துவேன். ஸ்பீக்கர் கிட்டே இருந்தால் ஏதோ கொஞ்சமாவது காதில் விழும் என்று உட்கார்கிறார் போலிருக்கிறது, பாவம், என்று எனக்குள் ஒரு கணக்கு. டிவியில் மூஞ்சிகள் சின்னதாக இருப்பதால் உதட்டைப் படிக்கக் கிட்டே போக வேண்டியிருக்கிறது என்று இன்னொரு கணக்கு. கணக்கு டீச்சரின் கணக்கு அல்லவா, தப்பாகுமா?

அந்தச் சமயத்தில் எங்கள் பள்ளியில் ஸ்மார்ட் கிளாஸுக்கு ஒரு புரொஜெக்டர் மாட்டினார்கள். பாடம் சொல்லிக்கொடுக்கிற ஆளின் முகம் சுவர் முழுக்கத் தெரிந்தது. ஒவ்வொரு பல்லையும் எண்ணலாம். அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன். உதடு கதவு அளவுக்குத் தெரிந்தால் இந்த மனிதர் ஏன் டிவியை உரசிக்கொண்டு உட்காரப் போகிறார்?

அதற்குப் பிறகு நான் பட்டபாடு கொஞ்சநஞ்சமல்ல. பெண் பார்க்கப் போகிறவர்கள்கூட இவ்வளவு விசாரித்திருக்கமாட்டார்கள். வெளிச்சத்தை லூமன்ஸ் என்று அளக்கிறார்கள். விலை குறைவான பெட்டிகளின் மேல் போட்டிருக்கிற லூமன்ஸை நம்பினால் ஊருக்கே விளக்குப் போடலாம். படத்தின் தெளிவைப் பற்றிப் பெரிய எழுத்தில் ஒன்று இருக்கும், கீழே பொடி எழுத்தில் வேறொன்று இருக்கும். மொபைலில் வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். எங்கள் ஹாலில் சுவருக்குச் சுவர் டேப் பிடித்து அளந்தேன். சுவரிலேயே அடிக்கலாம் என்றால் எங்கள் சுவர் மேடும் பள்ளமுமாக இருக்கிறது, கதாநாயகிக்கு அம்மை போட்டதுபோல ஆகிவிடும். அதனால் சுருட்டி இறக்குகிற திரை ஒன்றும் வாங்குவதென்று ஆயிற்று.

திரை வாங்க அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் இரண்டு துணிகளை விரித்துக் காட்டினார். நான் எது நல்லது என்று கேட்டுக் குடைந்துகொண்டிருக்க, இவர் இரண்டையும் தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணு கப்பு வெள்ள, இன்னொண்ணு கக்கூசு வெள்ள. எதுனா ஒண்ண எடு டீச்சரம்மா" என்றார். கடையே சிரித்தது. கப்பு வெள்ளையை எடுத்தோம்.

நம் பட்ஜெட்டுக்கு வருகிற புரொஜெக்டரில் வெளிச்சம் கொஞ்சம் கம்மிதான் என்று கடைக்காரர் உண்மையைச் சொல்லிவிட்டார். "ரூம நல்லா இருட்டாக்கிடுங்க டீச்சர். தியேட்டர் கெட்டுது போங்க." நானும் விடவில்லை. கனமான கறுப்புத் துணி எடுத்து ஜன்னல்களுக்கும் வாசலுக்கும் திரைச்சீலை தைத்துப் போட்டேன். தெருவிளக்குகூட எட்டிப் பார்க்க முடியாது. பழைய டிவியைக் கருவேப்பிலங்குறிச்சியில் இருக்கிற என் நாத்தனார் வீட்டுக்கு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினேன்.

முதல் நாள் படம் போட்டதும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் பழக்கதோஷத்தில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போனார். போனதும் கதாநாயகன் முகத்தில் இவருடைய தலையின் நிழல் விழுந்தது. "தள்ளுங்க, மறைக்குது!" என்று கையை ஆட்டினேன். பின்னால் வந்து, சோபாவில் என் பக்கத்தில், வாழ்க்கையில் முதன்முறையாக நேராக உட்கார்ந்தார். என் கணக்கு சரியாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷத்தை இப்போது நினைத்தால் எனக்கே என்மேல் ஆத்திரமாக வருகிறது.

நாலைந்து படம் போயிருக்கும். அவர் பாதியில் தூங்க ஆரம்பித்தார். சிரிக்கிற இடத்தில் சிரிக்கவில்லை. திரை போதவில்லையோ என்று உயரத்தை மாற்றினேன். தனியாக ஒரு ஸ்பீக்கர் வாங்கினேன். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்து கும்பிட்டுக் கேட்டுக்கொண்டதுதான் மிச்சம். பிறகு அவர், "ஸ்டேஷன் பக்கம் போயிட்டு வரேன்" என்று சாப்பிட்ட கையோடு கிளம்பத் தொடங்கினார். ஜங்ஷனில் வருகிற ரயிலையும் போகிற ரயிலையும் பார்த்துவிட்டு வருவார். "ஒங்களுக்கோசரம் வாங்கினது, ஒங்களுக்கு ரயிலு பெருசாப் போச்சா?" என்று நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டேன். வீம்புக்கு இருட்டில் தனியாக உட்கார்ந்து படம் பார்த்தேன். இப்படியே இரண்டு வருடம் ஓடிவிட்டது.

போன தை மாதம் நாத்தனார் பேத்திக்குக் காதுகுத்து. மத்தியானச் சாப்பாடு முடிந்து ஹாலில் எல்லோரும் சாய்ந்துகிடந்தோம். எங்கள் பழைய டிவியில் ஒரு நகைச்சுவைப் படம் ஓடிக்கொண்டிருந்தது. வாசல் வெயில் வீட்டுக்குள் வரைக்கும் அடித்தது. நான் படத்தில் மூழ்கிவிட்டேன். திடீரென்று ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. என் கணவரின் சிரிப்பு. இரண்டு வருடமாக நான் கேட்காத சிரிப்பு. திரும்பிப் பார்த்தால் டிவிக்குப் பக்கவாட்டில் நாற்காலி போட்டு, டிவிக்குத் தோளைக் காட்டிக்கொண்டு, என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

நாத்தனார் என் தொடையில் தட்டினார். "அண்ணன் இன்னும் ஒங்க வாயத்தான் பாக்குது, பாருங்க அண்ணி."

"என் வாயையா?"

"என்னா அண்ணி இப்பிடிக் கேக்குறீங்க? படம் பாக்கறப்ப அதுல பேசறதெல்லாம் நீங்களும் கூடவே மொணமொணன்னு சொல்லிக்கிட்டே இருப்பீங்கள்ல? அதப் பாத்துதான் அண்ணனுக்குக் கதையே புரியும். எங்களுக்கெல்லாம் தெரியுமே!"

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை. வகுப்பில் சொன்னதையே திருப்பிச் சொல்லிச் சொல்லி ஊறிப்போன வாய், சினிமா பார்க்கும்போதும் சும்மா இருப்பதில்லை. நடிகர்கள் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுவார்கள், இருட்டில் பேசுவார்கள், உதடு ஒருபக்கம் போகக் குரல் ஒருபக்கம் போகும். காது போன பிறகு அவர்களை நம்பி அவர் என்றைக்கும் படம் பார்த்ததில்லை. அவர் பார்த்த படமெல்லாம் என் முகத்தில்தான் ஓடியிருக்கிறது. அந்த முகத்தைத்தான் நான் கறுப்புத் துணி தைத்து மூடினேன்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஒரே சத்தம். மற்றவர்கள் கத்திப் பேசிக்கொண்டிருந்தார்கள். எங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. அவர் பக்கம் திரும்பிச் சத்தமே இல்லாமல் வாயை மட்டும் அசைத்தேன்.

"ஏங்க எங்கிட்ட சொல்லல?"

"எத?"

"இருட்டுல என் மூஞ்சி தெரியலன்னு."

"அத்தினி நாளு அலைஞ்சி வாங்கின. ஒனக்குப் பெரிய படம் புடிச்சிருக்குதுன்னு நெனச்சேன். அதுல போயி, படம் வேணாம், ஒன் மூஞ்சியக் காட்டுன்னு சொல்லச் சொல்றியா, இந்த வயசுல?"

நான் அவருக்காக வாங்கினேன். அவர் எனக்காகப் பொறுத்துக்கொண்டார். ஒருவரையொருவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இரண்டு வருடத்து ராத்திரிகள் அப்படியே போயின. அவற்றை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பஸ்ஸிலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது. "தூசி" என்று முந்தானையால் துடைத்துக்கொண்டேன். உதட்டைப் படிக்கிறவரிடம் பொய் சொல்வது கஷ்டம்.

மறுநாளே கறுப்புத் துணியை அவிழ்த்துப் போட்டேன். டியூப்லைட்டைப் போட்டதும் திரையில் படம் வெளுத்துப்போய் ஒன்றும் தெரியவில்லை. கப்பு வெள்ளை மட்டும்தான் தெரிந்தது. நாத்தனாரிடம் கொடுத்ததைத் திருப்பிக் கேட்க மனமில்லாமல் சின்னதாக ஒரு டிவி வாங்கினோம். அவர் பழைய இடத்தில் நாற்காலியைப் போட்டார். நான் சோபாவில் உட்கார்ந்தேன். வசனம் ஆரம்பித்ததும் அவருக்கு நன்றாகத் தெரியவேண்டுமே என்று ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி, வாயை அகலத் திறந்து, பாடம் நடத்துவதுபோல் சொன்னேன். சிரிப்பு வருகிற இடத்துக்கு முன்னாலேயே, அவர் சிரிக்கிறாரா என்று பார்த்தேன். அவர் சிரித்தார். நான் பார்க்கிறேன் என்பதற்காகச் சிரித்தார்.

தினமும் இப்படித்தான் நடக்கிறது. பழையபடி என்னை மறந்து முணுமுணுக்க எவ்வளவோ முயற்சி செய்கிறேன். முயற்சி செய்தால் மறக்க முடியுமா? போன வாரம் அவர் எழுந்து வந்து, டிவி ஓடிக்கொண்டிருக்கும்போதே என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"விட்டுடு டீச்சரம்மா. நீ இப்பப் படம் பாக்கல. என்னத்தான் பாக்குற."