சடை போட்ட கம்பி

காலையில் இயந்திரங்கள் ஓடத் தொடங்கியதும் சீவரத்தினம் சட்டைப் பையிலிருந்து சின்ன டிரான்சிஸ்டர் ரேடியோவை எடுத்து, சோதனை மேசையில் நாங்கள் செய்துவைத்த மின்பெட்டிகளின் ஓரமாக மெல்ல நகர்த்துவார். பள்ளி விடுமுறையில் இந்தப் பண்டமாரான் தொழிற்சாலைக்கு அட்டைப்பெட்டி மடிக்க வந்த நாளிலிருந்து, பட்டம் வாங்கி இங்கேயே எஞ்சினியராகத் திரும்பிய இன்றுவரை, பத்து வருடமாக நான் பார்க்கும் பழக்கம்.

“அங்கிள், பாட்டு கேக்க வந்தீங்களா, வேலை பாக்க வந்தீங்களா?” என்று லைன் லீடர் சீதாலெட்சுமி சீண்டுவார்.

“பாட்டுக் கேட்டால் பெட்டி சுகம், பிள்ளை. ரேடியோ இரைஞ்சால் பெட்டிக்கு வருத்தம்.”

சீவரத்தினம் தொலைபேசி இலாகாவிலிருந்து ஓய்வு பெற்று, இங்கே பெட்டிகளைச் சோதிக்க வந்தவர். பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலில் வருவார். மதிய உணவுக்குப் புட்டு. அதைக் கரண்டியால்தான் சாப்பிடுவார். ஐரோப்பிய விதிப் புத்தகத்துக்குப் பள்ளிப் பாடநூல்போலப் பழுப்புத்தாள் அட்டை போட்டிருக்கிறார்.

1996 பிறந்தால், பக்கத்துக் கருவிகளுக்கு இடைஞ்சல் செய்யும் மின்சாதனம் எதையும் ஐரோப்பாவில் விற்க முடியாது; சோதனையில் தேறி முத்திரை வாங்க வேண்டும். மேலாளர் பழனியப்பன் கேட்டார்: “மெஷினுக்குள்ள மாட்டுற சாமானுக்கு எதுக்கு முத்திரை லா? மெஷின் செய்றவன் பாத்துக்க மாட்டானா?”

“கடையில தனியாயும் விக்கிறம். வாங்கிறவன் தானே மாட்டுவான். அப்ப பொறுப்பு எங்களுக்குத்தான்” என்றார் சீவரத்தினம்.

பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பிய பெட்டி தோற்றுத் திரும்பியது. கம்பிமேல் இருக்கும் உலோக வலையை எங்கள் பெண்கள் பிரித்து, முறுக்கி, அழகாகச் சடை பின்னிப் பற்றவைப்பார்கள். அந்தச் சடையே ஏரியல்போல இரைச்சலை வெளியே வீசியதாம், அவருடைய ரேடியோவுக்கு எட்டாத அலைவரிசையில்.

“யாரு இப்படிச் சடை போடச் சொன்னது?” பழனியப்பன் கத்தினார்.

சீதாலெட்சுமி சீவரத்தினத்தைப் பார்த்தார். “தலை பின்னுற மாதிரிப் பின்னுங்கோ, பிள்ளையள்” என்று இதே மேசையில் அவர் சொல்லிக்கொடுத்ததை நானும் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறேன். சீவரத்தினத்துக்கோ வருடாவருடம் ஒப்பந்தம் புதுப்பிக்கும் வேலை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“இவையள் அப்பிடித்தான் செய்து வருகினம்.”

அறிக்கையில் ‘தொழிலாளர் தவறு’ என்று எழுதியது என் கை. என் வீட்டில் முதலில் படித்தவன் நான். அந்தப் படிப்பு அன்று எதற்கு உதவியது என்று இன்னும் கேட்டுக்கொள்கிறேன். பதினொரு வருட லைன் லீடர் சீதாலெட்சுமி மறுநாளே பொட்டலம் கட்டும் பகுதிக்குப் போனார்.

சடைக்குப் பதிலாக வலையை முழுதாகச் சுற்றிப் பிடிக்கும் உலோகப் பட்டையைச் சீவரத்தினமே வடிவமைத்தார். பெட்டி தேறியது. முத்திரை வந்தது. சீதாலெட்சுமிக்கு அவர் தரவேண்டிய ஒரு வார்த்தை மட்டும் வரவில்லை.

போன வாரம் நான் பொட்டலப் பகுதியில் நின்றபோது சீவரத்தினம் அங்கே வந்தார். சீதாலெட்சுமி பெட்டிகளில் அந்த முத்திரையை ஒட்டிக்கொண்டிருந்தார்.

“பிள்ளை...”

“சொல்லுங்க அங்கிள்.”

சீதாலெட்சுமியின் கை நின்றது. அவரையே பார்த்துக் காத்திருந்தார்.

சீவரத்தினம் குனிந்து, லேசாகக் கோணியிருந்த ஒரு முத்திரையை நகத்தால் உரித்தார். நேராக ஒட்டி, கட்டைவிரலால் இரண்டு முறை அழுத்தித் தேய்த்துவிட்டு, திரும்பி நடந்தார்.